கிணற்றடிக் கொச்சிக்காய்

கமலாதேவிக்கு உறைப்பு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததை மட்டும் கேள்விப்பட்டவர்கள், அவள் பிறந்ததிலிருந்தே நெருப்பை விழுங்கியவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் தம்பலகாமத்துப் பிள்ளை. வயலும் எருமையும் உள்ள வீட்டில், சோற்றுக்குத் தயிர் விட்டுப் பிசைந்து வளர்ந்தவள். கலியாணம் கட்டித் துறைமுகப் பட்டணத்து மட்டிக்களிக்கு, என்னுடைய வீட்டு வளவுக்கு அடுத்த வளவுக்கு வந்த புதிதில், மீன் துண்டைக் குழம்பிலிருந்து எடுத்துத் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் சாப்பிடுவாள். நான் வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து குலசிங்கத்துக்குக் கட்டிவைத்தார்கள்.

குலசிங்கம் துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்குகிற வேலை செய்தவன். எனக்குத் தம்பி முறை. வேலை முடிந்தால் நேரே வீட்டுக்கு வரமாட்டான். இறங்குதுறைக்குப் பக்கத்தில் முத்தலிப்பின் தேத்தண்ணிக் கடை இருந்தது, அங்கே போய்விடுவான். முத்தலிப் கிண்ணியாக்காரர், நல்ல மனிதர். மூதூர் லாஞ்சிக்குக் காத்திருக்கிற சனம் அந்தக் கடையில்தான் குந்தியிருக்கும். லாஞ்சி எப்போது வெளிக்கிடும் என்று லாஞ்சிக்காரனுக்கே தெரியாத காலம் அது. சும்மா இருக்கிற சனத்துக்கு ஒரு வேடிக்கை வேண்டும். குலசிங்கம்தான் அந்த வேடிக்கை.

மற்றவர்கள் வாயில் வைக்க ஏலாததை அவன் தின்னுவான். பாகற்காயைப் பச்சையாகக் கடிப்பான். எலுமிச்சங்காயைத் தோலோடு மெல்லுவான். வாய் கூசுகிற பிஞ்சு விளாங்காயை ஓடு தவிர மிச்சம் விடமாட்டான். ஆனால் இதெல்லாம் சும்மா தொடக்கத்துக்கு. அவனுடைய பேர் போன வித்தை கொச்சிக்காய். கொச்சிக்காய் என்று நான் சொல்வது கறிக்குப் போடுகிற நீட்டு மிளகாயை இல்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்குமே, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அந்தச் சாதி. ஒரு கைப்பிடியை வாயில் போட்டு மென்றுவிட்டு, எதிரில் இருப்பவனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். தண்ணீர் கேட்கமாட்டான். கண் கலங்காது. பந்தயம் ஒரு பிளேன்ரீக்குத்தான்.

ஒருமுறை வெளிநாட்டுக் கப்பலின் சமையற்காரன் ஒருவன் தன்னுடைய நாட்டு மிளகாய் விழுதென்று ஒரு போத்தலைக் கொடுத்து, ஒரு கரண்டி தின்றால் நீ ஆள் என்று சைகை காட்டினானாம். முத்தலிப் விரல் நுனியில் தொட்டு நக்கிவிட்டுக் கடையைப் பூட்டப் போய்விட்டார். குலசிங்கம் அரைப் போத்தலை முடித்தான். அடுத்த நாள் முழுதும் விக்கலோடு வளவுக்குள் நடந்து திரிந்தான். "உறைப்புக் காணாது அக்கா, மருந்து மணம்தான் கூட" என்று விக்கலுக்கு நடுவில் எனக்குச் சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு, விளக்குமாறு கையில் இருந்திருந்தால் போட்டிருப்பேன். வீட்டில் ஒருத்தி சமைத்து வைத்துக்கொண்டு வழி பார்த்திருக்கிறாள், இவர் ஊருக்கு வித்தை காட்டுகிறார்.

கமலாதேவியும் சொல்லிப் பார்த்தாள். அவன் அவளுக்கும் ஒரு பந்தயம் வைத்தான். அவர்கள் வளவில், கிணற்றுக் கட்டுக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு கொச்சிச் செடி நின்றது. ஒருவரும் நட்டதல்ல, தானாக முளைத்தது. அதிலிருந்து பழம் ஒன்றைப் பிடுங்கி அவளுடைய கையில் வைத்தான்.

"இதை மெண்டு, கண் கலங்காமல், தண்ணி குடிக்காமல் என்ர முகத்தைப் பார்த்துச் சிரி. அண்டைக்கே நான் கடைப்பக்கம் போறதை விடுறன்."

அவள் கடித்தாள். அரைவாசிகூட மென்றிருக்கமாட்டாள். வாளியோடு தலையைக் கிணற்றுக்குள் விடுகிற மாதிரி ஓடினாள். உதடு வீங்கி, மூக்கால் ஒழுகி, பாவமாக நின்றாள். அவன் சிரித்துக்கொண்டே குசினிக்குள் ஓடி, தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டு வந்து பருக்கினான். கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். அவனுக்கு வாய்தான் கூடாது. "அடுத்த முறை பாப்பம்" என்று அவன் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பவும் தொடங்கியது. ஒரு காலமை ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு. ஆம்பிளைகளை எல்லாம் சந்திக்கு வரச் சொன்னார்கள். குலசிங்கம் போனான். போகும்போது வழக்கம் போலச் செடியில் இரண்டு பிடி கொச்சிக்காய் பிடுங்கிச் சேட்டுப் பைக்குள் போட்டான். விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள், அப்படியே வேலைக்குப் போய், பின்னேரம் முத்தலிப்பின் கடைக்கும் போகலாம் என்பது கணக்கு. பலரை விட்டார்கள். சிலரை லொறியில் ஏற்றினார்கள். லொறியில் ஏறினவர்களில் அவனும் ஒருவன். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

இனி நான் சொல்லப்போவது நடந்த கதை. கால் நடந்த கதை. நான் கலியாணம் கட்டாதவள். வீட்டில் ஒரு தையல் மெசின், அவ்வளவுதான். ஆகவே யார் எங்கே போவதென்றாலும் துணைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள், எனக்கு வேறு சோலி இல்லை என்று எண்ணம். கமலாதேவி கூப்பிட்டபோது நான் மறுக்கவில்லை. பட்டணத்தில் எத்தனை முகாம் இருந்ததோ அத்தனைக்கும் போனோம். ஒவ்வொரு வாசலிலும் படத்தைக் காட்டினோம். இங்கே இல்லை, அங்கே கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால் இங்கே கேளுங்கள் என்றார்கள். வெயிலில் நின்றோம், மழையில் நின்றோம், வரிசையில் முன்னால் நின்றவள் மயங்கி விழ அவளைத் தூக்கி நிமிர்த்திவிட்டு மறுபடி நின்றோம். செருப்பு அறுந்தால் தைத்துக்கொண்டு நின்றோம்.

ஒவ்வொரு முறையும் அவள் ஒரு பை கொச்சிக்காய் கொண்டுவருவாள். அவனுக்குக் கொடுக்க. பழத்தைப் பிடுங்கமாட்டாள், செங்காயாகத்தான் பிடுங்குவாள். "பழம் நசிஞ்சு போகும் அக்கா. இதெண்டா அவற்ற கையிலை போய்ச் சேரேக்கை பதமாப் பழுத்திருக்கும்." வாசலில் நிற்கிறவன் பையைத் திறந்து பார்த்து, மூக்கைச் சுழித்து, திருப்பிக் கொடுப்பான். நாங்கள் திரும்பி வருவோம். பையும் வரும். ஒரு வருடம், இரண்டு வருடம் என்றால் சரி. வதனி, அவர்களுடைய மகள், பாவாடையிலிருந்து சீலைக்கு மாறுகிறவரைக்கும் நாங்கள் அந்தப் பையோடு போய் வந்துகொண்டிருந்தோம்.

விட்டிருப்பாள், நானும் விட்டிருப்பேன். இராசையா வந்து கெடுத்தான். கெடுத்தான் என்று சொல்லக்கூடாது, அவனும் பாவம். இலங்கைத்துறை ஆள், மீன்பிடிகாரன். தெற்கில் எங்கோ ஒரு முகாமில் நெடுநாள் இருந்துவிட்டு விடுதலையாகி வந்தவன், படத்தை வாங்கிப் பார்த்தான். முகம் சரியாகத் தெரியாது என்றான். ஆனால் தான் இருந்த இடத்தில், மற்றப் பக்கத்து அறையில் ஒருவர் இருந்தார், சோறு வருகிற நேரமெல்லாம் உறைப்புக் கேட்டுச் சத்தம் போடுவார், காவலுக்கு நின்றவர்கள் அவருக்கு மிளகாய் என்றே பேர் வைத்திருந்தார்கள் என்றான்.

கமலாதேவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை எனக்கு மறக்க ஏலாது.

"அவர்தான் அக்கா. வேற ஆர் கேப்பினம்?"

அந்த முகாமுக்கும் போனோம். பஸ்ஸிலிருந்து இறக்கி இறக்கிச் சோதித்தார்கள், போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். முன்பு இருந்தவர்களை வேறு இடத்துக்கு மாற்றியாயிற்று என்றார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது. மாற்றியிருக்கிறார்கள் என்றால் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்.

அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் அவள் கொச்சிக்காய் தின்னத் தொடங்கினாள். முதலில் எனக்குத் தெரியாது. ஒருநாள் மத்தியானம் வேலியடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது, கிணற்றுக் கட்டில் அவள் குந்தியிருந்து இருமுகிறது கேட்டது. எட்டிப் பார்த்தேன். முகம் இரத்தச் சிவப்பு, கண்ணாலும் மூக்காலும் ஓடுகிறது, கையில் பாதிக் கொச்சிக்காய்.

"உனக்கென்ன விசரே பிள்ளை?"

"பழகிறன் அக்கா. அவர் வரேக்கை ஒண்டையாவது சிரிச்சுக்கொண்டு திண்டு காட்டவேணும். பிறகு அவர் கடைப்பக்கம் போகேலாது. சொன்ன சொல்லு."

நான் ஏசினேன். வயிறு புண்ணாகும் என்றேன், வதனிக்குச் சொல்லுவேன் என்றேன். அவள் கேட்கவில்லை. சோற்றோடு பாதி, பிறகு ஒன்று, பிறகு சோறில்லாமல் ஒன்று. ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வருவதற்குள், கண் கலங்காமல் மென்று விழுங்கப் பழகிவிட்டாள். சிரிக்கிறதுதான் சரியாக வரவில்லை. அதற்கும் முயற்சி செய்தாள். கொச்சிக்காயை மென்றுகொண்டு கிணற்றுத் தண்ணீரைக் குனிந்து பார்த்து அவள் சிரித்துப் பழகியதை நான் கண்டேன். அன்றைக்கு நான் ஏசவில்லை, உள்ளே போய் மெசினை மிதித்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றெட்டில் வதனிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கிளிவெட்டியிலிருந்து இடம்பெயர்ந்து பட்டணத்தில் இருந்த குடும்பம், மாப்பிள்ளை தங்கமான பொடியன். வதனிக்கும் மனம். மாப்பிள்ளையின் தாய் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டா. தகப்பன் இருக்கிறாரா இல்லையா? இருக்கிறார் என்றால் சரி. இல்லையென்றால் செத்தவருக்குரிய அந்தியேட்டிக் கிரியை செய்து சாவுத் துடக்குக் கழித்திருக்க வேண்டும். துடக்குக் கழிக்காத வீட்டில் எப்படித் தாலி கட்டுவது என்று கேட்டா. அந்த மனிசியில் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பிழையென்று சொல்ல முடியவில்லை. எங்கள் சனம் எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

குலசிங்கத்தின் தமையன் ஞானசேகரம் வந்தார். கந்தோரில் கிளாக்கராக இருந்தவர், அதிர்ந்து கதைக்காத மனிதர். கதிரையில் இருந்தார்.

"தங்கச்சி, எனக்கும் அவன் தம்பி. எத்தினை வருசமாப் போச்சுது. கிரியை செய்யாமல் விட்டா அவன்ர ஆத்மா அலையும். பிள்ளையின்ர வாழ்க்கையையும் பாக்கவேணும்."

"அவர் இருக்கிறார் அத்தான்."

"இருந்தா வந்திருப்பான்."

கமலாதேவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் குங்குமப் பொட்டு. அது போவதைப் பற்றித்தான் கதை என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. வதனி அறைக்குள் விசும்புவது கேட்டது. கடைசியில் கமலாதேவிதான் வாயைத் திறந்தாள்.

"செய்யுங்கோ. ஆனா ஒரு சொல்லு. படைச்சுப்போட்டுக் காகத்துக்கு வைப்பம். காகம் எடுத்தா அவர் இல்லை எண்டு நான் ஒத்துக்கொள்ளுறன். எடுக்காட்டி அவர் இருக்கிறார். பிறகு ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கக்கூடாது. துடக்கெண்டும் சொல்லக்கூடாது."

ஞானசேகரம் ஓம் என்றார். படையலைக் காகம் எடுத்தால் செத்தவர் வந்து ஏற்றுக்கொண்டார் என்று நாங்கள் எல்லோரும் நம்புகிறவர்கள்தான். மாப்பிள்ளையின் தாயும் அதற்குச் சம்மதித்தா. எப்படியோ ஒரு முடிவு வந்தால் போதும் என்றிருந்தது எல்லோருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கிரியைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குத்தான் போவது வழக்கம். அந்தக் கிழமை அந்தப் பக்கம் போக விடவில்லை, ஆகவே கடற்கரையில் செய்தார்கள். உடம்பு இல்லாதபடியால் ஐயர் தர்ப்பையில் ஓர் உருவம் கட்டி, அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். பொம்பிளைகள் நாங்கள் வீட்டில் நின்று படையலுக்குச் சமைத்தோம். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டும். நண்டு, பாரை மீன், கருவாட்டுப் பொரியல், சம்பல்.

கமலாதேவி குசினிக்குள் வந்து மடியை அவிழ்த்தாள். செடியில் இருந்தது முழுவதையும் உருவிக்கொண்டு வந்திருந்தாள். அம்மியில் வைத்து அரைக்கத் தொடங்கினாள். அந்தக் காந்தலில் அடுப்படியில் நின்றவர்கள் எல்லோரும் இருமிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்ல ஏலாது, குலசிங்கத்துக்குப் பிடித்தது அதுதானே. நண்டுக்கு ஒரு பிடி, மீனுக்கு ஒரு பிடி, சம்பலில் பாதிக்குப் பாதி. சோற்றிலும் போட்டுப் பிசைந்தாள். சோறு சிவந்துபோய் இருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் மூக்கைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

"அக்கா, ஒருக்காப் பாருங்கோ. என்ர நாக்குக்கு இப்ப ஒண்டும் தெரியுதில்லை. வாயிலை வைக்கேலாத மாதிரி இருக்கே?"

நான் நாக்கின் நுனியால் தொட்டேன். அவ்வளவுதான். காது அடைத்தது, தலை உச்சிவரைக்கும் எரிந்தது, தண்ணீர்ப் பானைக்கு வழி தெரியவில்லை. சீனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றேன்.

"ஒரு சீவனும் தின்னாது" என்றேன்.

அவள் தலையாட்டினாள். முகத்தில் ஒரு வெளிச்சம். இத்தனை வருடத்தில் அவளை அப்படி நான் கண்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் வெல்ல வேண்டும் என்று நானும் நேர்ந்துகொண்டேன்.

கடற்கரைக்குப் போனவர்கள் வந்தார்கள். படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் படைத்தார்கள். பிறகு ஒரு சிறு இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, ஞானசேகரம் கிணற்றுக் கட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கா, கா என்று கூப்பிட்டார். முத்தலிப்பும் வந்திருந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் படலையடியில் நின்றார். உறவுகள் எல்லாம் தாழ்வாரத்தில். கமலாதேவி குசினி வாசலில் நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில்.

காகங்கள் வந்து முருங்கையில் இருந்தன. இறங்கவில்லை. ஞானசேகரம் திரும்பவும் கூப்பிட்டார். ஒன்றும் அசையவில்லை. கமலாதேவியின் விரல்கள் என்னுடைய கையைப் பிடித்தன. மாப்பிள்ளையின் தாய் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ முணுமுணுத்தா.

பிறகு ஒன்று இறங்கியது. கிணற்றுக் கட்டில் தத்தித் தத்தி வந்து, கழுத்தைச் சரித்து இலையைப் பார்த்தது. சோற்றில் ஒரு கொத்துக் கொத்தியது. விழுங்கியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அது இருமும், துப்பும், பறந்து ஓடும் என்று பார்த்தேன். அது சம்பலைக் கொத்தியது. நண்டுத் துண்டை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் திரும்பவும் சோற்றுக்கு வந்தது. அலகைக் கிணற்றுக் கட்டில் தேய்த்துத் துடைத்துவிட்டு, ஆறுதலாக, மிச்சம் விடாமல் தின்றது.

ஞானசேகரம் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "என்ர தம்பி" என்று குழறினார். "அவன்தான். வேற எந்தக் காகம் இதைத் தின்னும்? சொல்லுங்கோ, வேற எந்தக் காகம் தின்னும்?"

முத்தலிப் படலையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். பொம்பிளைகள் ஒப்பாரி வைத்தார்கள். ஒருவருக்கும் இனிச் சந்தேகம் இல்லை. சும்மா சோறு வைத்திருந்தால்கூட யாராவது, காகம் எதையும் தின்னும்தானே என்று சொல்லியிருப்பார்கள். கமலாதேவிதான் அந்தச் சாட்சியைத் தன்னுடைய கையால் அரைத்துக் கொடுத்துவிட்டாள்.

கமலாதேவி என்னுடைய கையை விட்டாள். சொன்ன சொல்லை மீறவில்லை. செய்ய வேண்டியதை எல்லாம் செய்யவிட்டாள். பொட்டைத் துடைத்தார்கள். தாலியைக் கழற்றினார்கள். பிறகு படையல் சோற்றைப் பகிர்ந்தார்கள், ஒருவராலும் ஒரு வாய் விழுங்க முடியவில்லை. கொட்டவும் கூடாது. அவள் இலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். நண்டு, மீன், சம்பல், எல்லாம். தண்ணீர் கேட்கவில்லை. சுற்றியிருந்த சனத்துக்கு மணத்துக்கே கண்ணால் ஓடுகிறது, அவளுடைய கண் காய்ந்துபோய் இருந்தது. படத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்று முடித்தாள்.

"புருசனுக்குப் படைச்ச அண்டைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, கல்லு மனசு" என்று மாப்பிள்ளை பக்கத்து மனிசி ஒருத்தி எனக்குக் கேட்கவே சொன்னாள். நான் விடவில்லை. எழும்பி வாசலுக்குப் போடி என்றேன். துடக்கு வீட்டில் சண்டை போட்டேன் என்று இன்றைக்கும் என்னை ஏசுகிறார்கள். ஏசட்டும்.

அன்று வீட்டுக்கு வந்து என்னுடைய செருப்பைப் பார்த்தேன். வார் வாராகத் தைத்த செருப்பு. இனி எந்த வாசலுக்கும் போகத் தேவையில்லை என்று நினைத்தேன். துக்கமாகத்தான் இருந்தது, ஆனால் இடுப்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியதும் உண்மை. செருப்பைத் தூக்கிப் பின்வேலிக்கு வெளியே, ஈச்சம் பற்றைக்குள் எறிந்தேன்.

துடக்குக் கழிந்து, வதனியின் கலியாணம் நடந்தது. தாலி கட்டுகிற நேரம் கமலாதேவி அறைக்குள் இருந்தாள். விதவை முன்னுக்கு நிற்கக்கூடாதாம். யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். வதனி புருசனோடு போனபின் வீடு வெறும் வீடாகப் போனது. கமலாதேவி கிணற்றடிக்கு வருவாள், குளிப்பாள், போவாள். செடிப் பக்கம் திரும்பமாட்டாள். செடி தன்பாட்டில் காய்த்தது. பிடுங்க ஆளில்லாமல் பழுத்துச் சிவந்து தொங்கியது.

ஒரு காலமை நான் வேலியடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றேன். செடி முழுக்க ஆட்டம். நாகணவாய் இரண்டு, ஒரு கொண்டைக் குருவி, கீழே உதிர்ந்ததைப் பொறுக்க ஒரு காகம். பழத்தை முழுதாக முழுதாக விழுங்கின. ஒன்றும் இருமவில்லை, ஒன்றும் துப்பவில்லை. தின்றுவிட்டு வேலியில் இருந்து எச்சம் போட்டன, அந்த எச்சத்தில் மஞ்சள் விதை. ஒருவரும் நடாத செடி எப்படி வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சி. உறைப்பு எங்களுக்குத்தான். பறவைக்கு அது வெறும் பழம். அன்றைக்கு அந்தக் குசினிக்குள் நின்ற இரண்டு பேருக்கும் இது நினைவு வரவில்லையே.

வாய் கொப்பளிக்க மறந்து நின்றேன். முதலில் வந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன், பேசாமல் இருந்துவிடு என்றுதான் வந்தது. எல்லாம் முடிந்துபோயிற்று. அழவோ, அழாமல் இருக்கவோ, அவளுக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது. எனக்கும் முழங்கால் நோகிறது. இதைப் போய் ஏன் கிளற வேண்டும்?

திரும்பினால் கமலாதேவி வாளியோடு நிற்கிறாள். அவளும் செடியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"அக்கா" என்றாள். "அண்டைக்கு வந்தது சும்மா காகமே?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் பொய் சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், நம்பாவிட்டாலும் நம்பினமாதிரி இருந்திருப்பாள். எனக்கு ஏலாமல் போய்விட்டது.

"எந்தக் காகமும் தின்னும் பிள்ளை. இந்தச் செடியைப் போட்டதே குருவிதான்."

அவள் வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். முகத்தைத் தண்ணீரால் கழுவினாள், சீலைத் தலைப்பால் துடைத்தாள்.

"அப்ப திங்கக்கிழமை போவம் அக்கா. இராசையா சொன்ன ஆளை எங்க மாத்தினவை எண்டு திரும்ப ஒருக்காக் கேப்பம்."

எந்தக் காகமும் தின்னும் என்றால், எந்த மனிதனும் சோற்றுக்கு உறைப்புக் கேட்கலாம்தானே. என்னுடைய வாய்வரைக்கும் வந்தது. நான் அதைச் சொல்லவில்லை. "ஓம்" என்றேன்.

பின்வேலியால் சுற்றிப் போய் ஈச்சம் பற்றைக்குள் செருப்பைத் தேடினேன். முள் கையைக் கிழித்தது. ஒன்று உடனே கிடைத்தது, மற்றது மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. இரண்டையும் தட்டி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அவள் செடியடியில் குனிந்து நின்று பையொன்றுக்குள் கொச்சிக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நல்லாகப் பழுத்த பழங்களைக் குருவிக்கு விட்டுவிட்டு, செங்காயாகப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கினாள்.

"தூரம்தானே அக்கா" என்றாள். "அவற்ற கைக்குப் போகேக்கை பழுத்திடும்."